புகைமேல் போட்ட பழி

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும்போது எழும் புகையின்மேல் நான் ஒரு பழியைப் போட்டேன். அந்தப் புகை ஒரு பாவமும் அறியாது. அதைவிட மோசம், அந்தப் பழியை என் சம்பந்தியின் கையாலேயே எழுத வைத்தேன். சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறுமா என்று இப்போதும் தெரியவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அன்னவாசலில் சொந்த வீடு. ஓய்வுக்குப் பிறகு மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, அதன் முனையில் ஒரு கேமராவைப் பொருத்தி, வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடத் தொடங்கினேன். கிரகம் கண்ணில் படாது. அது தன் நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கடந்து போகும்போது, அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறையும். கடந்த பிறகு பழையபடி ஆகிவிடும். அந்தத் துளியை அளப்பதுதான் வேலை. திருவிழாவில் கட்டியிருக்கும் ஃபோகஸ் லைட்டின் முகத்தில் ஓர் ஈசல் ஊர்ந்து போவதை, அடுத்த ஊரில் இருந்துகொண்டு, வெளிச்சம் குறைந்ததை வைத்தே கண்டுபிடிப்பது போல என்று சொல்லலாம்.

என் மனைவிக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்: "ஊர்ல ஒருத்தருக்குக் கெரகம் புடிச்சா ஜோசியர்கிட்ட போவாங்க. இவரு கெரகத்தைப் புடிக்க மாடிக்குப் போறாரு."

என் சம்பந்தி மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு, தோப்பை ஒட்டியே வீடு. அவருடைய மகள்தான் என் மருமகள். பிள்ளைகள் இருவரும் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த வருடம் பொங்கல் சீர் கொண்டு வந்தவர், மாடிக்கு ஏறி என் குழாய் வழியாகச் சனியின் வளையத்தைப் பார்த்தார். அடுத்த பொங்கலுக்குள் அவரும் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டார். ஆறு அங்குலம்.

"வாங்குனதுதான் வாங்குனீங்க, எட்டே வாங்கியிருக்கலாமே சம்மந்தி?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க. மாப்பிள்ளை வீட்டுல எட்டு இருக்கையில நாங்க ஆறோட நிக்கிறதுதான் மொறை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர் பத்து அங்குலத்தை எடுத்துக் காட்டியதும் இவர் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டு நகர்ந்த கதையைப் பிறகு அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் பணிந்து போவது நம் பக்கம் புதிது இல்லை. ஆனால் இவர் அதில் ஒரு படி மேலே. நான் உட்காராமல் உட்கார மாட்டார். நான் கை நனைக்காமல் தன் இலையில் கை வைக்க மாட்டார். நான் எதைச் சொன்னாலும், "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ங்க" என்பார். எவ்வளவு தூரம்தான் போவார் பார்ப்போமே என்று ஒரு தடவை, "வியாழனுக்கு நிலாவே கிடையாது சம்மந்தி" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன். முந்தின நாள்தான் அவர் அந்த நான்கு நிலாக்களையும் பார்த்திருந்தார்.

"அப்படிங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நேத்து நாலு என்னமோ தெரிஞ்சுச்சு. கண்ணாடியில தூசியா இருக்கும்ங்க."

அடுப்படியில் இருந்த என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். "பொண்ணைக் குடுத்ததோட வாயையும் சேத்துக் குடுத்துட்டாரு மனுசன்," என்றாள் அவர் போன பிறகு. "நீங்களும் கொஞ்சம் மனசாட்சியோட பேசுங்க."

எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை மட்டும் இல்லை, பிடித்தும் இருந்தது. வகுப்பறையை விட்டு வந்த பிறகு நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

எங்கள் இருவரையும் நம்பி ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தார். வான் பார்க்கும் ஆர்வலர்களுக்கான இணையக் குழு ஒன்றில் பழக்கம். பேச்சில் திருநெல்வேலி வாடை. வெளியூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வேடு முடிய வேண்டுமானால், ஒரு கிரகமாவது உண்மையிலேயே இருக்கிறது என்று அவர் நிரூபித்தாக வேண்டும். அதற்காக மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் அவருக்கு அந்த வருடம் மூன்று இரவுகள் கொடுத்திருந்தார்கள். மூன்றே மூன்று. அதில் எந்த நட்சத்திரத்தைப் பார்ப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய தொலைநோக்கி பார்ப்பது வெளிச்சத்தின் குறைச்சலை இல்லை, நட்சத்திரத்தின் ஆட்டத்தை. ஒருவர் தன் பிள்ளையைக் கைகளில் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினால், பிள்ளை பெரிய வட்டம் போடும். பிடித்தவரும் இருந்த இடத்திலேயே சின்ன வட்டம் போடுவார். கிரகம் சுற்றினால் நட்சத்திரமும் அப்படித்தான். நம்மை நோக்கிக் கொஞ்சம் வரும், பிறகு விலகும். வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கம் இம்மியளவு நகரும், விலகும்போது சிவப்பின் பக்கம் நகரும். வருகிறபோது ஒரு அளவு, விலகுகிறபோது ஒரு அளவு எடுத்துவிட்டால் வேகம் தெரிந்துவிடும். அதிலிருந்து, இழுப்பது எவ்வளவு கனமானது என்பதும் தெரிந்துவிடும்.

இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த என் மனைவி நின்று கேட்டாள்.

"அப்ப, பக்கத்துல சுத்துறவ கண்ணுக்குத் தெரிய மாட்டா. அவ இழுக்குற இழுப்புல இவரு ஆடுறது மட்டும் தெரியும். அதானே?"

"அதேதான்."

"இதுக்கு எதுக்கு அந்தப் புள்ள மலைமேல ஏறணும்? நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் சிரிப்பதற்கு முன்னால் சிரிப்பது முறை இல்லை என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாணவி எங்களிடம் கேட்டது ஒன்றுதான். விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி வானம் முழுக்கப் படம் எடுத்துத் தள்ளுகிறது. அதன் படங்களில் ஒரு நட்சத்திரம் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மங்குவது தெரிந்தது. ஆனால் அந்தப் படங்கள் அவ்வளவு நுணுக்கமானவை இல்லை. அருகருகே இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் மாதிரி ஒன்றாகக் கிடக்கும். அழுகைச் சத்தம் கேட்கும், எது அழுதது என்று தெரியாது. மங்குவது உண்மையில் அந்த நட்சத்திரம்தானா, இல்லை ஒட்டினாற்போல் இருக்கும் இன்னொரு சின்ன நட்சத்திரமா? அதை நாங்கள் தரையில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் சார் நான் தைரியமா என்னோட ராத்திரியைச் செலவழிப்பேன்," என்றார்.

அடுத்த முறை அது மங்க வேண்டிய நாள் மாசி மாதத்தில் வந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நான் இங்கே அன்னவாசலிலும் அவர் அங்கே தோப்பிலும் உட்கார்ந்துவிட்டோம்.

இங்கே ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும், என் தவறு அதில்தான் தொடங்கியது. நட்சத்திரத்தைக் கூர்மையாகக் குவித்துப் படம் எடுத்தால் ஒளி முழுக்கக் கேமராவின் ஓரிரு புள்ளிகளில் விழுந்து, அளவு துள்ளும். குவியத்தைக் கொஞ்சம் விலக்கி, நட்சத்திரத்தை வேண்டுமென்றே கலங்கலாக்கி எடுத்தால் ஒளி பரவி விழும், அளவு நிதானமாக வரும். இது தெரிந்தவர்கள் செய்கிற வேலை. எனக்குத் தெரியும் என்பதால் நான் தாராளமாகவே விலக்கினேன். என் படங்களில் நட்சத்திரம் பணியாரம் போல உப்பி இருந்தது. அந்தப் பணியாரத்துக்குள் பக்கத்துச் சின்ன நட்சத்திரமும் சேர்ந்து வெந்துபோயிருந்ததை நான் பார்க்கவில்லை. சம்பந்திக்கு இந்த நுணுக்கம் எல்லாம் கிடையாது. மீட்டர் பார்த்தவர், எதுவாக இருந்தாலும் கூர்மையாகத் தெரிய வேண்டும் அவருக்கு.

எனக்கு வெளிச்சத்தின் வளைகோடு அழகாக வந்தது. நேராகப் போய், மெல்ல இறங்கி, கொஞ்ச நேரம் தாழ்வாகவே போய், திரும்ப ஏறியது. மறுநாள் காலை டீக்கடையில் சொன்னேன். அதற்கு மறுநாள் சொந்தக்காரர் வீட்டுப் பால் காய்ச்சில் சொன்னேன். மங்குவது அந்த நட்சத்திரமேதான் என்று மாணவிக்கும் எழுதி அனுப்பினேன். டீக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, "சார், ஒங்க கெரகத்துல மழை எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார். அங்கே இருந்த ஒரு பையன் கட்அவுட் வைக்கலாம் சார் என்றுகூடச் சொன்னான். வேண்டாம் என்று சொன்னேன். எந்தப் போட்டோ கொடுப்பது என்றும் மனசுக்குள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் சம்பந்தி போன் செய்தார்.

"சம்மந்தி, சொகமா இருக்கீங்களா? தங்கச்சி நல்லா இருக்கா?" என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். "ஒண்ணுமில்லைங்க, அந்தப் படத்தை எல்லாம் அளந்து பாத்தேன். பெருசு அப்படியே இருக்குற மாதிரி இருக்கு. பக்கத்துல ஒண்ணு சின்னதா இருக்குல்ல, அது பாதிக்குப் பாதி கொறையுது. நான் எதுவும் தப்பாப் பாக்குறேனான்னு..."

டீக்கடை, பால் காய்ச்சு, மாணவிக்கு அனுப்பிய செய்தி எல்லாம் வரிசையாக முன்னே வந்து நின்றன.

"ஃபோகஸ் சரியா இருந்துச்சா?" என்றேன்.

"இருந்த மாதிரிதாங்க இருந்துச்சு."

"மேகம்?"

"மேகம் இல்லைங்க."

"ஒங்க பக்கம் கொட்டை வறுக்குறாங்கல்ல சம்மந்தி, புகை எதுவும் அடிச்சிருக்குமோ?"

"புகையா... ஆமாங்க. புகையாத்தான் இருக்கும்ங்க."

"அப்ப அதை எழுதிருங்க. புகையினால அளவு சரியா வரலைன்னு."

"எழுதிருறேங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அன்று மாலையே அவர் எழுதி அனுப்பிவிட்டார். அது மறுபடி மங்குவதற்குள் மலைமேல் முறை வந்துவிடும் என்பதால், மாணவி என் அளவை மட்டும் நம்பி முதல் இரவை அந்த நட்சத்திரத்துக்கே ஒதுக்கினார்.

நான் மாணவர்களுக்கு ஒளியைப் பற்றி எத்தனையோ வருடம் பாடம் நடத்தியவன். புகை மறைத்தால் எல்லா நட்சத்திரத்தையும்தான் மறைக்கும். பெரியதை விட்டுவிட்டு, ஒட்டி நிற்கும் சின்னதை மட்டும் தேடிப் பிடித்துப் பாதியாக மங்கவைக்காது. புகைக்கு அந்த ஓரவஞ்சனை தெரியாது. போனை வைத்த அந்த நிமிஷமே எனக்கு இது தெரியும். மாடிக்குப் போய் என் படங்களைத் திறந்து பார்த்தால் போதும், பணியாரத்தின் ஓரம் ஒரு பக்கமாகப் புடைத்திருப்பது தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டேன்.

பிறகு வந்த வாரங்களில் எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிக்கொண்டேன். அவருடையது சின்னக் குழாய்தானே என்று சொல்லிக்கொண்டேன். மலைமேல் பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடுமே என்றும் சொல்லிக்கொண்டேன். மலைமேல் பார்ப்பதற்கு மாணவியிடம் இருந்தவை மூன்று இரவுகள்தான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் இரவு வந்தது, போனது. இரண்டு நாள் கழித்து மாணவி பேசினார்.

"சார், நட்சத்திரம் அசையவே இல்லை. நம்மளை நோக்கி நல்ல வேகமா வந்திருக்க வேண்டிய நேரம் அது. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். அளவு எல்லாத்தையும் மறுபடியும் மொதல்ல இருந்து போட்டுக்கிட்டு இருக்கேன்."

"இருக்கும், இருக்கும். பதறாமப் பாரும்மா," என்றேன்.

அவர் நான்கு நாட்கள் போட்டுப் பார்த்தார். கருவியில் கோளாறா என்று பார்த்தார். நேரக் கணக்கு தவறா என்று பார்த்தார். தினமும் இரவு எனக்கு ஒரு செய்தி வரும்: இன்னும் பிடிபடவில்லை சார். எங்கள் இருவரில் ஒருவர் தவறாகச் சொல்லியிருப்போம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த இரவையும் அதே நட்சத்திரத்துக்கே கொடுக்கப்போவதாக ஐந்தாம் நாள் எழுதினார்.

அதைப் படித்துவிட்டு என்னால் காலைப் பலகாரம் சாப்பிட முடியவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள்.

"என்ன, கெரகம் சரியில்லையா?"

"நான் சம்மந்தி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்காதீங்க. அங்க கோழியைத் தொரத்த ஆரம்பிச்சிருவாங்க."

சொல்லாமலேதான் போனேன். புதுக்கோட்டை போய் பஸ் மாறி, தஞ்சாவூர் சாலையில் இறங்கி நடந்தேன். சம்பந்தி பனியனோடு தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். அவருடைய மனைவி சமையலறைப் பக்கம் ஓடினார். மனைவி சொன்ன மாதிரியே பின்னால் ஒரு கோழி கத்தும் சத்தம் கேட்டது.

"சம்மந்தி, சட்டை எல்லாம் வேண்டாம். அந்த மாசி மாசத்துப் படங்களை வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேங்க. அழிக்க மனசு வரலை."

கணினியில் திறந்தார். ஊசி முனையால் குத்தியது போல இரண்டு புள்ளிகள், பெரியதும் சின்னதும், நடுவில் தெளிவாக இடைவெளி. ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். பெரியது அப்படியே நின்றது. சின்னது மெல்ல மெல்ல அணைந்து, பிறகு ஏறியது. அங்கே கிரகம் எதுவும் இல்லை. அந்தச் சின்னது உண்மையில் ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள், ஒன்று இன்னொன்றை மறைக்கிறது. பெரியதன் வெளிச்சத்தோடு கலந்து பார்க்கும்போது அந்தப் பெரிய சரிவு சின்னச் சரிவாகி, கிரகம் போல வேஷம் போட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

"சம்மந்தி, அன்னைக்குப் புகை எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் மேசையைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மறைக்காமச் சொல்லுங்க."

"அன்னைக்கு வறுக்கவே இல்லைங்க. மாசியில கொட்டை ஏதுங்க, மரமெல்லாம் இன்னும் பூவும் பிஞ்சுமாத்தானே நிக்கும்."

முந்திரிக்கு எது பருவம் என்றுகூட யோசிக்காமல் நான் புகையைக் கிளப்பியிருக்கிறேன். அவர் அந்த இல்லாத புகையை எனக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"தெரிஞ்சே ஏன் எழுதுனீங்க?"

"நீங்க ஏற்கெனவே அந்தப் பொண்ணுக்கு அனுப்பிட்டீங்க. டீக்கடையில எல்லாம் சொல்லிட்டீங்கன்னு மாப்பிள்ளை போன்ல சொன்னாரு. நான் மாத்தி எழுதி, ஒங்களுக்கு ஒரு தலைகுனிவு வந்து, அது நாளைக்கு எங்க புள்ள காதுல..."

எங்கள் வீட்டில் அவருடைய மகளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவளுக்கும் என் மனைவிக்கும் நடுவில் என்னைக் கேலி செய்வதில்தான் போட்டி. இது அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயந்திருக்கிறார். அந்தப் பயம் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டேன். நட்சத்திரத்தில் தவறியது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சமாதானம் கிடையாது.

அவர் வீட்டில் இருந்தபடியே மாணவிக்குப் போன் போட்டு, இருவரும் கேட்கும்படி வைத்தேன். என் படத்தில் இரண்டும் கலந்துவிட்டது, சம்பந்தி அன்றைக்கே சரியாகச் சொன்னார், புகை என்று எழுதச் சொன்னது நான், புகையே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று சம்பந்தி போனை எட்டிப் பார்த்தார்.

"சார்," என்றார் மாணவி கடைசியில். "ரெண்டையும் அப்படியே அனுப்பியிருந்தா நானே பாத்திருப்பேனே சார். நான் நாலு நாளா என் கணக்குல தப்பைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"தெரியும்மா. தப்பு என்னுது."

"எனக்கு இன்னும் ரெண்டு ராத்திரிதான் இருக்கு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவருடைய பட்டியலில் இன்னொரு நட்சத்திரம் இருந்தது. அது மங்கும் நாள் பத்து நாட்களுக்குள் வந்தது. அதை உடனே பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம்.

"ஆனா ஒரு கண்டிஷன். ரெண்டு பேரும் உங்க உங்க முடிவை எனக்கு அனுப்புற வரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே கூடாது. போன், மெசேஜ், எதுவும் கூடாது. அங்கிள், உங்களுக்கும்தான். சார் கேட்டாலும் சொல்லக் கூடாது."

"பேசாமங்களா?" என்று திகைத்தார் சம்பந்தி. "சம்மந்தியோடங்களா?"

"பேசாமத்தான்."

நம் ஊரில் சம்பந்திகள் இருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று திருநெல்வேலிப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வேண்டுமென்றே செய்தாரோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

நட்சத்திரத்தைப் பார்த்து முடித்த மறுநாளே கொடும்பாளூரில் சொந்தக்காரர் பேத்திக்குக் காதுகுத்து. அளந்து முடிக்கவில்லை, இருவருமே முடிவை அனுப்பவில்லை. மொய் எழுதிவிட்டுத் திரும்பினால் எதிரே சம்பந்தி. வழக்கமாகத் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடி வருபவர், என்னைக் கண்டதும் சட்டென்று திரும்பி ஐஸ்கிரீம் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அங்கிட்டுத் திரும்பி மொய் எழுதுகிறவரிடம் போய், ஏற்கெனவே எழுதிய மொய்யை மறுபடி எழுதப் போனேன். பந்தியில் என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். பந்தலே பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி கண் கலங்க என் மனைவியிடம் வந்தார். அவரிடமும் சம்பந்தி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணி, எங்க பக்கம் எதுவும் குத்தங்கொறை நடந்துபோச்சா? நீங்களாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு அண்ணன் திடீர்னு வந்தாங்க, அதுல இருந்து இவுக ஒரு மாதிரியா இருக்காக."

அதற்குள் கோயம்புத்தூரில் இருந்து மருமகளே எனக்குப் போன் செய்துவிட்டாள். யாரோ பந்தலில் இருந்தே செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "மாமா, ஒங்களுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டை?"

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு பேர் கேட்கும்படியாகவே சொன்னாள்: "சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் பரீச்சை எழுதிக்கிட்டு இருக்காங்க. போன தடவை ஒருத்தரு இன்னொருத்தரைத் தப்பா எழுத வச்சிட்டாரு. அதான் டீச்சரம்மா தனித்தனியா உக்கார வச்சிருக்கு."

எவர் எவரை எழுத வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்த முறை நான் குவியத்தைக் கொஞ்சமாகவே விலக்கியிருந்தேன். பக்கத்தில் இருந்தவற்றை எல்லாம் தனித்தனியாக அளந்தேன். சரிவு அந்த நட்சத்திரத்தில்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் சம்பந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று கை போனுக்குப் போனது. மனைவி போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சம்பந்தியின் முடிவும் அதேதான். ஆனால் சரிவு தொடங்கும் நேரத்தை நான் தாமதமாகக் குறித்திருக்கிறேன் என்று அவருடைய அளவு காட்டியது. மாணவி இருவரையும் ஒன்றாகப் போனில் பேச வைத்துக் காரணம் கேட்டார். என் மாடியில் நெட் சரியாக வராது, கணினியின் கடிகாரம் முந்திக்கொண்டு ஓடும். "ஒங்க கடிகாரம்தாங்க தப்பு," என்றார் சம்பந்தி. சொன்ன கையோடு அவர் "அப்படித்தான் தோணுதுங்க" என்று பின்னால் ஒட்டுப் போட முயன்றார். "இல்லை சம்மந்தி, தப்புதான். அதைச் சேக்காதீங்க," என்றேன்.

மாணவியின் இரண்டாம் இரவு நன்றாக அமைந்தது. நட்சத்திரம் நம்மை நோக்கி வருவது தெரிந்தது. மெதுவான ஆட்டம்தான், ஆனால் ஆட்டம். இனி அது விலகிப் போகும்போது ஒரு அளவு எடுத்துவிட்டால் முடிந்தது. மூன்றாம் இரவு அதற்கு.

மூன்றாம் இரவு மலைமேல் மழை. பருவத்தில் இல்லாத மழை. விடியற்காலையில் மாணவி ஒரு படம் அனுப்பினார். தொலைநோக்கி இருக்கும் உருண்டைக் கூரை மூடிக் கிடந்தது, அதன் மேல் நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: பாதிக் கிரகம் கிடைச்சிருக்கு சார்.

ஆய்வேட்டை ஒரு வருடம் தள்ளிப்போட அனுமதி வாங்கியிருக்கிறார். வருகிற பருவத்துக்கு மறுபடி இரவு கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. அவர் எங்களிடம் இன்றுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்தப் படத்தைச் சம்பந்தியிடம் காட்டியபோது, "மழைக்கு யாருங்க என்ன பண்ண முடியும்?" என்று மட்டும் சொன்னார், எனக்காகத்தான்.

என் மனைவி படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"அந்த மொத ராத்திரி மலைமேல மழையா?"

"இல்லை. அன்னைக்கு வானம் ரொம்பத் தெளிவா இருந்துச்சாம்."

"அந்த ராத்திரி அந்தப் புள்ளைக்கு வீணாப் போகாம இருந்திருந்தா?"

"முடிச்சிருக்கும்," என்றேன்.

அதற்கு அவள் கேலி எதுவும் செய்யவில்லை.